கையில் 94, காலில் 82!

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறார் ஒரு அப்பா. உள்ளே பிறந்து ஆறு மணி நேரமே ஆன அவருடைய மகள். மூன்று கிலோவுக்கு மேல் எடை. பக்கத்துத் தொட்டில்களில் உள்ளங்கை அளவுக் குறைமாதக் குழந்தைகள் படுத்திருக்க, நடுவில் இவள் மட்டும் கொழுகொழுவென்று இருக்கிறாள். முகத்தில் பாதியைக் குழாயும் பிளாஸ்திரியும் மறைத்திருக்கின்றன. வலது கையில் சிவப்பாக ஒளிரும் ஒரு பட்டை, காலில் அதே போல இன்னொன்று. தலைமாட்டில் இரண்டு சிறிய மானிட்டர்கள். ஒன்று 94 என்கிறது. மற்றொன்று 82.

அவர் போனில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அவ்வளவுதான். "82-ஆ? கொரோனாவுல 90-க்குக் கீழ போனாலே பெட் தேடி ஓடினோமே. உடனே வேற ஆஸ்பத்திரிக்கு மாத்து" என்று பெரியப்பாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "ஒரு மெஷின் ரிப்பேரா இருக்கும். 94-தான் சரியா இருக்கும்" என்று சித்தி. அப்பா, வெளியே வந்த செவிலியரை நிறுத்திக் கேட்கிறார். "சிஸ்டர், இதுல எது சரி?"

"ரெண்டுமே சரிதான் சார்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே ஓடிவிடுகிறார்.

உண்மையான பதில்தான். அதை விளக்கிச் சொல்ல அவருக்கு அப்போது நேரமில்லை. ஆனால் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கும் 12 புள்ளி இடைவெளியில்தான் குழந்தையின் நோய் என்ன என்பதற்கான முக்கியமான துப்பு இருக்கிறது.

பிறந்த குழந்தைக்கு பி.பி.யா?

டாக்டர் வந்து, "குழந்தைக்கு நுரையீரலில் ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது" என்று சொன்னதும் பெரும்பாலான வீடுகளில் எழும் முதல் கேள்வி, "நம்ம குடும்பத்துல யாருக்குமே பி.பி. இல்லையே?" என்பதுதான். தாத்தாவுக்குக் கையில் பட்டையைச் சுற்றிப் பார்க்கிறார்களே, அந்த பி.பி. வேறு. இது வேறு. உப்புக்கும் கோபத்துக்கும் பரம்பரைக்கும் இதில் வேலையில்லை. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களுக்குள் மட்டும் இருக்கும் அழுத்தம் இது. ஏறத்தாழ 1,000 பிரசவங்களில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு வருகிறது.

இதைப் புரிந்துகொள்ள, குழந்தை கருப்பைக்குள் இருந்த நாட்களுக்குப் போக வேண்டும். அங்கே நுரையீரலுக்கு வேலையே கிடையாது. அது நீர் நிரம்பிக் கிடக்கிறது. ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக அம்மாவிடமிருந்து வந்துவிடுகிறது. வேலை செய்யாத உறுப்புக்கு எதற்கு இவ்வளவு ரத்தம் என்பது போல, உடம்பே நுரையீரலின் ரத்தக் குழாய்களை இறுக்கி வைத்திருக்கிறது. அங்கே போக வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி இரண்டு குறுக்கு வழிகளில் திரும்பிவிடும். ஒன்று, இதயத்தின் மேலறைகளுக்கு நடுச்சுவரில் இருக்கும் ஒரு சின்னக் கதவு. இன்னொன்று, நுரையீரலுக்குப் போகும் குழாயையும் உடம்புக்குப் போகும் மகாதமனியையும் இணைக்கும் ஒரு குட்டிக் குழாய்.

குழந்தை பிறந்து வீறிட்டு அழும் அந்த ஒரு நிமிடத்தில் நடப்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. நீர் இருந்த இடத்தில் காற்று நுழைகிறது. இறுகியிருந்த குழாய்கள் தளர்கின்றன. நுரையீரலுக்குப் போகும் ரத்தம் எட்டு, பத்து மடங்கு கூடுகிறது. தொப்புள்கொடி கட்டப்பட்டதும் உடம்பின் பக்கம் அழுத்தம் ஏறுகிறது. குறுக்கு வழிகள் இரண்டுக்கும் தேவை போய்விடுகிறது. நடுச்சுவர்க் கதவு சாத்திக்கொள்ள, குட்டிக் குழாய் ஓரிரு நாளில் சுருங்கி மூடிக்கொள்கிறது. ஒன்பது மாதம் ஒரு விதமாக ஓடிய ரத்த ஓட்டம், சில நிமிடங்களில் தடம் மாறிவிடுகிறது.

சில குழந்தைகளுக்கு மட்டும் இந்த மாற்றம் நடப்பதில்லை. பிறந்த பிறகும் நுரையீரல் குழாய்கள் தளராமல் இறுகியே இருக்கின்றன. ரத்தம் முட்டிப் பார்த்துவிட்டு, பழைய குறுக்கு வழியிலேயே திரும்புகிறது. 1969-ல் இதை முதன்முதலாக விவரித்து எழுதிய மருத்துவர்கள் வைத்த பெயரே, கருவில் இருந்த ரத்த ஓட்டம் நீடித்திருப்பது என்ற பொருளில்தான் இருந்தது. குழந்தை வெளியே வந்துவிட்டது, ரத்தம் இன்னும் உள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஏன் இப்படி? பல குழந்தைகளுக்குக் காரணம், வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து, அதை மூச்சோடு உள்ளே இழுத்துவிடுவது. ஊர்ப் பக்கம் காட்டுப்பீ என்று சொல்லும் அந்தப் பச்சைக் கறுப்பு மலம் நுரையீரலுக்குள் போனால் மூச்சுப்பாதையை அடைக்கும், புண்ணாக்கும். கிருமித் தொற்று, பிறக்கும்போது ஏற்பட்ட மூச்சுத்திணறல், உதரவிதானத்தில் பிறவியிலேயே இருக்கும் ஓட்டை என்று வேறு காரணங்களும் உண்டு. சில குழந்தைகளுக்கு எதுவுமே பிடிபடாது. 'நீ அன்னிக்கு மாடிப்படி ஏறினியே, அதான்' என்று அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் உறவினர்கள் தயவுசெய்து வாசலோடு நின்றுகொள்ளலாம்.

முதல் மடையும் கடைமடையும்

இப்போது அந்த இரண்டு எண்களுக்கு வருவோம்.

ஒரு பெரிய வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த தண்ணீர் ஓடிவருகிறது. முதல் மடை திறப்பது தலைக்கும் வலது கைக்கும். அந்த மடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பக்கவாட்டில் ஒரு சின்ன வாய்க்கால் வந்து கலங்கல் நீரைக் கொட்டுகிறது. அதற்குக் கீழே இருக்கும் வயல்களுக்கெல்லாம் கலங்கல் தண்ணீர்தான். கடைமடை, கால்.

மகாதமனிதான் பெரிய வாய்க்கால். பக்கவாட்டில் கலப்பது, மூடாமல் இருக்கும் அந்தக் குட்டிக் குழாய். நுரையீரலுக்குள் போய் ஆக்சிஜன் வாங்காத ரத்தம் அதன் வழியாக வந்து விழுகிறது. அதனால்தான் வலது கையில் 94, காலில் 82. இடது கைக்குப் போகும் கிளை இந்தச் சங்கமத்துக்கு மிக அருகில் பிரிவதால் அதை நம்ப முடியாது. எனவே வலது கையில்தான் பட்டை கட்டுகிறார்கள். கைக்கும் காலுக்கும் வித்தியாசம் ஐந்து, பத்துப் புள்ளிகளுக்கு மேல் போனால் டாக்டருக்குச் சந்தேகம் வலுக்கும்.

ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. சில குழந்தைகளுக்கு ரத்தம் அதிகமாகத் திரும்புவது மேலறைகளுக்கு நடுவில் இருக்கும் கதவு வழியாக. அப்படியானால் வாய்க்காலின் தலைப்பிலேயே கலங்கல் கலந்துவிடும். கையிலும் காலிலும் ஒரே மாதிரி குறைவான எண் வரும். வித்தியாசம் இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிறவி இதயக் கோளாறுகளும் இதே போல நீலம் பாரிக்க வைக்கும். அதனால்தான் இதய ஸ்கேன் எனப்படும் எக்கோ அவசியமாகிறது. நெஞ்சின் மேல் ஒரு சின்னக் கருவியை வைத்து, ரத்தம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் பாய்கிறது, எவ்வளவு வேகத்தில் பாய்கிறது என்று பார்க்கிறார்கள். அந்த வேகத்திலிருந்து நுரையீரல் குழாயின் அழுத்தத்தைக் கணக்கிடலாம். கையில் பட்டை சுற்றி இந்த அழுத்தத்தை அளக்க முடியாது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை நமக்கெல்லாம் அறிமுகப்படுத்தியது கொரோனா. அதன் அடிப்படையைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியாளர் டாகுவோ அவோயாகி. 1970-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்து, 1974-ல் வெளியிட்டார். அவருடைய கருவியை உலகமே கடைகடையாகத் தேடிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார். ஒரு சின்ன எச்சரிக்கை: பெரியவர்களுக்கான அந்த விரல் கிளிப்பை வீட்டில் பிறந்த குழந்தைக்கு மாட்டிப் பார்த்துவிட்டுப் பயப்படவோ நிம்மதி அடையவோ வேண்டாம். அந்தச் சின்ன விரலுக்கு அது பொருந்தாது.

94-க்கு என்ன விலை?

மானிட்டரில் 94 வந்துவிட்டது என்று வெளியே இருப்பவர்கள் மகிழ்கிறார்கள். உள்ளே டாக்டரின் முகத்தில் மட்டும் மாற்றமில்லை. ஏன்?

அவர் பார்ப்பது 94-ஐ அல்ல, அந்த 94-ஐ வாங்கக் கொடுக்கும் விலையை. சாதாரணக் காற்றில் 21 சதவிகிதம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு குழந்தை 30 சதவிகித ஆக்சிஜனில் 94 காட்டுகிறது, இன்னொன்று 100 சதவிகிதத்தில் 94 காட்டுகிறது என்றால் இரண்டும் ஒரே நிலையா? ஒரே பத்து கிலோமீட்டருக்கு ஒரு வண்டி கால் லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது, இன்னொரு வண்டி இரண்டு லிட்டர் குடிக்கிறது. எந்த எஞ்சினில் கோளாறு என்று மெக்கானிக்கைக் கேட்க வேண்டியதில்லை.

இதற்கென்றே ஒரு கணக்கு உண்டு. வென்டிலேட்டர் நுரையீரலுக்குள் கொடுக்கும் சராசரி அழுத்தத்தை, ஆக்சிஜன் சதவிகிதத்தால் பெருக்கி, தமனி ரத்தத்தில் அளந்த ஆக்சிஜன் அழுத்தத்தால் வகுப்பார்கள். அழுத்தம் 15, ஆக்சிஜன் 80 சதவிகிதம், ரத்தத்தில் 60 என்றால், விடை 20. இந்த எண் குறைந்தால் குழந்தை தேறுகிறது. கூடினால் கவலை. 20, 25 என்று போகும்போது அடுத்த கட்ட சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். 40-ஐத் தொட்டால் கடைசிக் கட்டம். கதவுக்கு வெளியே நிற்கும் பெற்றோர், 'ஆக்சிஜன் எவ்வளவு காட்டுது?' என்பதோடு, 'எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்து இவ்வளவு காட்டுது, நேத்தைவிடக் குறைச்சிருக்கீங்களா?' என்று கேட்டால் உண்மை நிலவரம் ஓரளவு தெரிந்துவிடும்.

எண் 99, 100 என்று ஏறினால் செவிலியர் ஆக்சிஜனைக் குறைக்கிறார். 'நல்லா இருக்கும்போது ஏன் குறைக்கிறாங்க?' என்று வெளியே முணுமுணுப்பு எழும். அளவுக்கு மீறிய ஆக்சிஜன் பிஞ்சு நுரையீரலையே புண்ணாக்கும், குழாய்களை மறுபடி இறுக்கவும் கூடும். தொண்ணூறுகளின் முற்பாதியில் எண் நின்றாலே போதும் என்பதுதான் பொதுவான இலக்கு.

ரத்தம் எடுத்துப் பார்ப்பதிலும் கணக்கு இருக்கிறது. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 250 மில்லி. ஒரு டம்ளர். நாளுக்குப் பல முறை பரிசோதிக்க வேண்டிய நிலையில் ஒவ்வொரு சொட்டும் கணக்கு. இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் தொப்புளில் இருக்கும் தமனிக்குள்ளேயே மெல்லிய குழாயைச் செலுத்தி வைக்கிறார்கள். மறுபடி மறுபடி ஊசி குத்த வேண்டாம். உடம்பின் ரத்த அழுத்தமும் அதிலேயே நொடிக்கு நொடி தெரியும். அது நுரையீரல் அழுத்தத்தைவிடக் கீழே இறங்கினால், கலங்கல் நீர் இன்னும் வேகமாகப் பாயும்.

தொடாமல் இருப்பதும் வைத்தியம்

பெற்றோருக்கு மிகவும் வலிப்பது இதுதான். தொடக் கூடாது என்கிறார்கள்.

இந்தக் குழந்தைகளின் நுரையீரல் குழாய்கள் தொட்டாற்சிணுங்கி மாதிரி. டயபர் மாற்றினால் எண் விழும். கதவை ஓங்கிச் சாத்தினால் விழும். குளிர், வலி, அழுகை, ரத்தத்தில் அமிலம் கூடுவது, சர்க்கரை இறங்குவது எல்லாமே குழாய்களை இறுக்கும். 94-ல் இருந்த குழந்தை, ஒரு ஊசிக்காகக் காலைப் பிடித்ததும் 70-க்குப் போய், திரும்பி வர அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் உள்ளே வெளிச்சத்தைக் குறைத்து, கண்ணை மூடிக் கட்டி, டயபர், ரத்தப் பரிசோதனை, படுக்கை திருப்புவது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடித்துவிட்டு, பிறகு மணிக்கணக்கில் குழந்தையைச் சும்மா விடுகிறார்கள். தேவைப்பட்டால் தூக்க மருந்தும் கொடுப்பார்கள். 'யாருமே கிட்டப் போய்ப் பார்க்க மாட்டேங்கிறாங்க' என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும் அந்த நேரத்தில், ஒரு செவிலியர் மூன்றடி தள்ளி நின்று எல்லா எண்களையும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

சேனை வைக்கத் தேனோடு காத்திருக்கும் பாட்டிக்கும் இது பொருந்தும். வாய் வழியாக எதுவும் போகக் கூடாத நேரம் அது. தேன் எந்தப் பச்சிளங்குழந்தைக்குமே ஆகாது. அம்மா செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொடுக்கலாம். குழந்தை நிலைப்பட்டதும் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக முதலில் உள்ளே போவது அதுதான். அதுவரை ஃப்ரீஸரில் பத்திரமாக இருக்கும்.

ஒரு காலத்தில் இதே நோய்க்கு வேறு மாதிரி வைத்தியம் நடந்தது. வென்டிலேட்டரை வேகமாக ஓட்டி, ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்தால் நுரையீரல் குழாய்கள் விரியும் என்று 1980-களில் பல இடங்களில் செய்தார்கள். எண்கள் அழகாக ஏறின. ஆனால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்தது. பிழைத்த குழந்தைகளில் காது கேளாமை தென்பட்டது. மானிட்டரை மட்டும் திருப்திப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு கசப்பான பாடமாக இருந்தது.

பிறகு வந்தது ஒரு வாயு. நைட்ரிக் ஆக்ஸைடு. வாகனப் புகையில் இருக்கும் அதே வாயுவை நம் ரத்தக் குழாய்கள் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன, குழாயைத் தளர்த்துவது அதுதான் என்று 1980-களில் தெரியவந்தது. அந்த ஆராய்ச்சிகளுக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1992-ல், இந்த வாயுவை மூச்சில் கலந்து கொடுத்தால் குழந்தைகளின் ஆக்சிஜன் ஏறுகிறது என்று மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். 1999-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. பத்து லட்சம் பங்கு காற்றில் 20 பங்கு. அவ்வளவுதான் அளவு.

இதிலும் கண்காணிப்புதான் பாதி வைத்தியம். வாயு அதிகமானால் ரத்தத்தின் ஹீமோகுளோபினையே ஆக்சிஜன் சுமக்க முடியாததாக மாற்றிவிடும் என்பதால் அதையும் அளக்கிறார்கள். குழந்தை தேறியதும் சட்டென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அழுத்தம் பழையபடி எகிறும். 20, 10, 5 என்று வந்து, அதன்பின் ஒவ்வொன்றாக இறங்கி 1 வரை வர வேண்டும். செலவும் அதிகம், எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை. அதனால் நம் நாட்டில் பல இடங்களில் சில்டெனாஃபில் என்ற மருந்தும் கைகொடுக்கிறது. ஆமாம், வயாக்ராவில் இருக்கும் அதே மருந்து. சீட்டைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தாலும் கூச்சப்பட வேண்டியதில்லை. நுரையீரல் குழாயையும் அது தளர்த்தும்.

எதற்கும் மசியாத குழந்தைகளுக்கு எக்மோ. ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரம். 1975-ல் கலிஃபோர்னியாவில் ராபர்ட் பார்ட்லெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், மலத்தை மூச்சில் இழுத்து உயிருக்குப் போராடிய ஒரு பெண் குழந்தையை இதன் மூலம் காப்பாற்றினார். அவளுக்குச் செவிலியர்கள் வைத்த பெயருக்கு ஸ்பானிய மொழியில் 'நம்பிக்கை' என்று பொருள்.

மாற்றலாமா?

பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா?

மாற்ற வேண்டிய நேரம் வரலாம். ஆனால் தொட்டாலே எண் விழும் குழந்தையைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு ஓடுவது மாற்றுவது ஆகாது. 'இங்கே எக்கோ எடுக்க வசதி இருக்கா? நைட்ரிக் ஆக்ஸைடு இருக்கா? இல்லைன்னா எந்த நிலைமையில, எங்கே அனுப்புவீங்க?' என்று டாக்டரிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளலாம். கேட்பது தப்பில்லை, நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்குபேட்டரும் பயிற்சி பெற்றவரும் இருக்கும் பச்சிளங்குழந்தை ஆம்புலன்ஸ் 108 சேவையிலேயே உண்டு. கர்ப்பகால ஸ்கேனில் உதரவிதான ஓட்டை தெரிந்திருந்தால், பிரசவத்தையே வசதியுள்ள பெரிய மருத்துவமனையில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. குழந்தை பயணம் செய்வதற்கு அம்மாவின் வயிற்றைவிடப் பாதுகாப்பான வண்டி கிடையாது.

பெரும்பாலும் இந்த நோய் பிறந்த சில மணி நேரங்களிலேயே தன்னைக் காட்டிவிடும். நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மூக்கு விடைப்பது, விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுவது, மூச்சு விடும்போது முனகல், நீலம். முதல் நாளில் கை, கால் மட்டும் லேசாக நீலமாக இருப்பது சகஜம். நாக்கும் ஈறும் நீலமாக இருந்தால்தான் அவசரம். மாநிறக் குழந்தைகளுக்கு நிறத்தை நாக்கில் பார்ப்பதுதான் நம்பகமானது. பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் காலிலும் ஆக்சிஜன் பார்க்கும் பரிசோதனை பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் 2011-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. மறைந்திருக்கும் இதயக் கோளாறுகளைப் பிடிக்கத்தான் அது வந்தது. போகிற போக்கில் இந்த நோயையும் பிடித்துக் கொடுக்கிறது. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்கள்தான். டிஸ்சார்ஜுக்கு முன் 'கை, கால் ஆக்சிஜன் பார்த்தாச்சா?' என்று கேட்டுவிட்டே கிளம்பலாம்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அந்த அப்பாவைப் போன்றவர்களுக்கு, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு காலையில் 93-ம் 91-ம் தெரியலாம். பிறகு 95-ம் 95-ம். ஆக்சிஜன் 80 சதவிகிதத்திலிருந்து 50-க்கு, 50-லிருந்து 30-க்கு இறங்கும். காலில் இருக்கும் பட்டையை ஒருநாள் கழற்றிவிடுவார்கள். ஒரே மானிட்டர் போதும் என்ற நிலை வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

வீட்டுக்கு வந்தபின் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவது, மூக்கில் எண்ணெய் விடுவது, ஊதுவது எதுவும் வேண்டாம். கொசுவர்த்தியும் சிகரெட்டும் அந்த அறையில் கூடாது. குலதெய்வம் மலை மேல் இருந்தாலோ, ஊட்டிக்குப் போவதாக இருந்தாலோ டாக்டரைக் கேட்டுக்கொண்டு போகலாம். உயரத்தில் ஆக்சிஜன் குறையும்போது நுரையீரல் குழாய்கள் இறுகும். எக்கோ ஒன்றிரண்டு முறை திரும்ப எடுக்கச் சொல்வார்கள். அதற்கெல்லாம் எல்லோரும் போய்விடுகிறார்கள். தவறவிடுவது காதுப் பரிசோதனையை. இந்த நோயிலிருந்து மீண்ட குழந்தைகள் சிலருக்குக் கேட்கும் திறன் பிறந்த உடனே நன்றாக இருந்து, மாதங்கள் கழித்துக் குறையலாம். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில், முத்திரைக்குப் பக்கத்தில், அதற்கான தேதி எழுதியிருக்கும். கதவுச் சத்தத்துக்கும் கிலுகிலுப்பைக்கும் குழந்தை திரும்பிப் பார்த்தாலும் அந்தத் தேதியில் போய்ப் பரிசோதித்துவிட வேண்டும்.